பாலாற்றங்கரை மீட்டர்களை ரேடியோவில் இணைப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. ஆற்றங்கரை போர்வெல் மீட்டர்களை ஐபி ரேடியோ (தகவலைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் ரேடியோ) வழியாகக் காட்பாடிக்குக் கொண்டுவரும் எல்லோரும் இதைப் பாருங்கள். மீட்டர்கள் சீரியல் கேபிளில் பேசும் முறையான மோட்பஸ் ஆர்டியுவில், ஒரு செய்தி முடிந்ததற்கு அடையாளமே 3.5 எழுத்து அனுப்பும் நேரத்துக்கு லைன் அமைதியாக இருக்கும் இடைவெளிதான். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அது சுமார் 4 மில்லிசெகண்ட். ரேடியோவில் செய்தி இரண்டு பாக்கெட்டாகப் பிரிந்து தாமதமானால், மீட்டர் அதைப் பாதியிலேயே தள்ளிவிடும். பதில் வராது. நாம் மீட்டர் கெட்டுவிட்டதென்று கழற்றிக்கொண்டிருப்போம்!

ஆகவே சீரியல் சர்வரில் (சீரியல் கேபிளை ஐபி நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி), முழுச் செய்தியும் சேர்ந்தபின் ஒரே பாக்கெட்டாக அனுப்பும்படி வையுங்கள். மோட்பஸ் டிசிபி கேட்வே (ஆர்டியு செய்தியை நெட்வொர்க்குக்கான மோட்பஸ் வடிவத்துக்கு மாற்றும் பெட்டி) கிடைத்தால் இன்னும் நிம்மதி, அதற்கு நெட்வொர்க் போர்ட் எண் 502. கன்ட்ரோல் ரூமில் டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) தாராளமாகக் கொடுங்கள். மீட்டரை இணைக்கும் ஆர்எஸ்-485 சீரியல் கேபிளின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் அவசியம். கோடை இடிமழைக்கு முன் எர்த்தையும் பார்த்துவிடுங்கள்.