தம்பியின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் கண்டவர்களுக்கு

மெடிக்கல் வார்டு டாக்டர்கள், நர்சுகள், லேப்காரர்கள், எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்து ஆலோசகர் எல்லோருக்கும் வணக்கம். தம்பி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். அந்தச் சேதியோடு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

உங்களிடம் கொண்டுவந்தபோது பிடித்துக்கொள்ளாமல் அவனால் நிற்க முடியாது. காய்ச்சல், வறட்டு இருமல், நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிய மூச்சு. முதலில் காட்டிய இடத்தில், எக்ஸ்ரே நன்றாகத்தான் இருக்கிறது என்று இருமல் சிரப் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

நைட் டூட்டி டாக்டரம்மா, நீங்கள் அந்த எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு, விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி அவனைக் கட்டிலிலேயே எழுப்பி உட்கார வைத்தீர்கள். 93 என்று காட்டியது, என் கண்ணெதிரே 84-க்கு வந்தது. உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னீர்கள். எச்ஐவியால் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போனவர்களுக்கு வரும் பூஞ்சை நிமோனியாவாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும் என்று எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். 1981-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து பேருக்கு வந்த இதே நிமோனியாவை வைத்துத்தான் எய்ட்ஸ் என்று ஒரு நோய் இருப்பதே வெளியே தெரிந்ததாம். பயத்திலும் அது காதில் ஏறியது!

ரிசல்ட் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய விஷயம். அன்று இரவே கோட்ரைமாக்சசோல் ஊசி, கூடவே ஸ்டீராய்டு, சாதாரண பாக்டீரியா நிமோனியாவுக்கும் ஒரு மருந்து. மருந்து ஏறிவிட்டால் டெஸ்ட்டில் தெரியாமல் போகாதா என்று கேட்டேன். இந்தக் கிருமி நுரையீரலை விட்டு மெதுவாகத்தான் போகும், சில நாள் கழித்து எடுத்தாலும் தெரியும் என்றீர்கள்.

அவனுக்குச் சளியே வரவில்லை. உப்புத் தண்ணீரை நெபுலைசரில் வைத்து, முதுகைத் தட்டிக்கொடுத்து, பொறுமையாக உட்கார்ந்து கொஞ்சம் சளி எடுத்த லேப் தம்பிக்கு என்ன சொல்வது? சாயமேற்றிப் பார்த்ததில் டாக்டரம்மா நினைத்தது சரிதான் என்று தெரிந்தது. காசநோயும் கூடவே இருக்கக்கூடும் என்று சிபிநாட் என்ற டெஸ்ட்டுக்கும் அனுப்பினீர்கள். நல்லவேளை, அது இல்லை.

நர்ஸ் அக்காக்களே, அவன் கட்டில் தலைமாட்டில் நீங்கள் எதையும் எழுதி ஒட்டவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் கேட்டபோது ‘நிமோனியா’ என்று மட்டும் சொன்னீர்கள். 2017-ஆம் வருட எச்ஐவி சட்டமே அதைத்தான் சொல்கிறது என்றாலும், சட்டம் இருந்தும் நடக்காத இடங்களைப் பார்த்திருக்கிறோம்.

எச்ஐவி மாத்திரையை நடுவில் விட்டதற்காக ஆலோசகர் சார் அவனைத் திட்டவில்லை, ஏன் விட்டான் என்று கேட்டார். இரண்டு வாரத்துக்குள் ஏஆர்டியைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். 21 நாள் மருந்து முடிந்து, சிடி4 ஏறும்வரை இப்போது தினமும் ஒரு செப்ட்ரான், அதே கோட்ரைமாக்சசோல்தான், மாத்திரையாக. அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது அவனையும் வார்டுக்குக் கூட்டி வருகிறேன். படிக்கட்டில் ஏறியே வருவான்.

அன்புடன்,
அவன் அக்கா