சேவில் தோற்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: டிஎம்களுக்கு ஒரு திறந்த மடல்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்தும் டிஎம்களுக்கும் (டன்ஜன் மாஸ்டர்களுக்கும்), கேம் டே ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு பிளேயர் மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டர் ஒரே பகடை வீச்சில் ஓநாயாகிறது, பாலினம் மாறுகிறது, வேறு இனமாகிறது. பிளேயர் முகம் சுண்டிப்போனால், "சேவில் தோத்துட்டீங்களே, நான் என்ன செய்ய?" என்று டிஎம் கைவிரிக்கிறார். சேவ் என்பது ஆபத்திலிருந்து தப்பப் போடும் பகடை, சாபம் பிடித்ததா இல்லையா என்பதைத்தான் அது சொல்லும். அப்படி மாறிய கேரக்டரை இனி ஆட விருப்பமா என்பதை ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

கடிபட்டவரையும் தன்னைப் போலாக்கும் ஓநாய் மனிதனான வேர்வுல்ஃபையே எடுத்துக்கொள்வோம். 2014 மான்ஸ்டர் மேனுவல் விதிப்புத்தகத்தின்படி அது கடித்தால் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ், டிசி 12, அதாவது இருபது முகப் பகடையில் விழுவதும் கேரக்டரின் கூட்டெண்ணும் சேர்ந்து 12ஐ எட்ட வேண்டும். +2 உள்ள கேரக்டர் 10 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். தோற்கும் வாய்ப்பு 45 சதவீதம். ஒரே சண்டையில் மூன்று கடி பட்டால், மூன்றிலும் தப்புவது ஆறு பேரில் ஒருவர்தான். சாபத்தை நீக்கும் ரிமூவ் கர்ஸ் மந்திரம் கிளெரிக்குக்கும் (பூசாரி) விசார்டுக்கும் (மந்திரவாதி) ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும். வேர்வுல்ஃபின் சேலஞ்ச் ரேட்டிங்கோ (எந்த லெவல் குழுவுக்கு ஈடு என்று காட்டும் எண்) 3. அதனுடன் மோதும் மூன்றாம் லெவல் குழுவின் கையில் மருந்தே இருக்காது. போதாததற்கு, சாபத்தை ஏற்று அலைன்மென்ட் (நல்லவரா தீயவரா என்ற குணம்) மாறிய கேரக்டரை அது நீங்கும்வரை டிஎம் தன் வசம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் புத்தகம் சொல்கிறது. "எடுத்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்கிறது, எடுக்காமலும் இருக்கலாம். சம்மதித்த பிளேயரிடம் ஓநாயையே ஆடக் கொடுத்துப் பாருங்கள். யாரைத் துரத்துவது, எதற்கு மட்டும் பயப்படுவது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், நீங்கள் ஆடுவதைவிட அவர் பயங்கரமாக ஆடுவார்.

1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், கட்டியவரின் பாலினத்தை மாற்றும் சபிக்கப்பட்ட இடைக்கச்சை ஒன்று உண்டு. அத்தகைய கச்சைகளில் பத்தில் ஒன்று பாலினத்தையே இல்லாமல் செய்துவிடும். அந்த மாதிரிச் சாபங்களை இன்றும் சிரிப்புக்காக இறக்குகிறார்கள். தன் பாலினத்தை வீட்டிலும் வேலையிடத்திலும் நாள்தோறும் விளக்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது எப்படிச் சிரிப்பாகும்? அதே மாற்றத்தை ஆசையோடு கேட்கிற பிளேயரும் இருக்கிறார். இருவரையும் முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

இறந்தவரைப் புது உடலில் மீட்கும் ரீஇன்கார்னேட் மந்திரத்தை 2014 விதிகளில் பாருங்கள். ஆன்மாவுக்கு விருப்பமில்லையென்றால் மந்திரம் பலிக்காது என்று விதியே சொல்கிறது. ஆகவே புது உடலின் இனத்தைச் சொல்லும் டி100 (1 முதல் 100 வரையிலான பகடை) அட்டவணையை முதலில் உருட்டுங்கள், வந்த இனத்தைச் சொல்லுங்கள், "உள்ளே வருகிறாயா?" என்று அதற்குப் பிறகு கேளுங்கள்.

பொதுவாகக் கேட்கும் இடம், ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோ. கோடுகளும் (வரவே கூடாதவை) திரைகளும் (விவரிக்காமல் கடக்க வேண்டியவை) எழுதும் தாளில் மூன்று வரி சேருங்கள்: உடல் மாறுவது, கேரக்டர் மீதான பிடி போவது, திரும்ப முடியாத மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்றையும் ஒரே வரியில் அடைக்காதீர்கள். ஒரு மணி நேரம் தவளையாகப் பாலிமார்ஃப் ஆவதை ரசிப்பவர், பிடி போவதைத் தாங்காதவராக இருக்கலாம். தாளைத் தனித்தனியாக வாங்குங்கள். நாலு பேர் காத்திருக்கும் மேசையில் வரும் "சரி"யில் பாதி கூச்சம். "இந்தக் கதையில் உடல் மாறும் சாபம் வரலாம்" என்று மட்டும் சொன்னால் ரகசியமும் உடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் நடுவில் யாராவது, "இது வேண்டாம்" என்று காட்ட மேசையில் வைத்திருக்கும் எக்ஸ் கார்டைத் தொடலாம். காரணம் கேட்காதீர்கள், "முன்னமே பச்சை போட்டீர்களே" என்றும் சொல்லாதீர்கள். கடி பட்ட நொடிக்குத் திரும்புங்கள். 1டி8+2 (எட்டு முகப் பகடை ஒன்றும் கூட 2ம்) சேதம் நிற்கட்டும், சாபம் போகட்டும். ஆபத்தின் எடை குறையக் கூடாது என்றால், அடுத்த லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) வரை பாய்சன்ட் (விஷம் ஏறிய) நிலை கொடுங்கள். அரை நிமிடத்தில் சண்டை தொடரும்.

ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு மணி நேர ஸ்லாட்டில், முன்பின் தெரியாத ஆறு பேர் உட்காரும் மேசையில் செஷன் ஜீரோவுக்கு நேரம் கிடையாது. அதனால் பதிவுத் தாளில், கேம் பெயருக்குக் கீழேயே ஒரு வரி அச்சிடுங்கள்: "இந்த ஆட்டத்தில் கேரக்டரின் உடல் மாறலாம், வேண்டாமென்றால் தொடங்கும் முன் டிஎம்மிடம் சொல்லுங்கள், மாற்று வழி தயாராக இருக்கிறது." அந்த மாற்று வழியை டிஎம் எழுதிக் கொடுக்கும்வரை அவருக்கு மேசை ஒதுக்காதீர்கள்.