ஆகஸ்ட் 15-க்கு இன்னும் மூன்று வாரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஊர்ப் பிள்ளைகள் குறை சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள், இவர்கள் மனது எப்போது மாறும் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். நாட்டுப்பற்று பற்றி இன்னொரு சொற்பொழிவு வேண்டாம். தாங்கள் கேட்ட ஒன்று நடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனது தானாக மாறும். வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தொடங்கு.

ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். பையன்களோடு பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள். பெயர் இல்லாதவர்களை, பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்கச் சொல். அவர்கள் அடுத்த கூட்டங்களுக்காவது வரலாம்.

பத்து விஷயத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. குடிநீர்த் தொட்டி ஒன்று போதும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டினால் சரியாகக் கலக்காது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூட்டை பிரித்தே கிடந்தால் பவுடரின் வீரியம் போய்விடும். அப்புறம் அளவு சரியாக இருந்தும் பயன் இல்லை. பிள்ளைகள் தொட்டிமேல் ஏற வேண்டாம், அது தொட்டி ஆபரேட்டர் வேலை. கடைசித் தெருக் குழாயில், தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்து, பத்து நாள் தேதியோடு குறித்து வைக்கட்டும். குளோரின் 0.2 பிபிஎம்-க்கு, அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஆபரேட்டரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். பல ஊரில் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததே கிடையாது.

அந்தத் தாளோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "தண்ணீர் சரியில்லை" என்றால் சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம். பத்து நாள் அளவைக் காட்டி, தெருப் பெயரோடு தீர்மானம் கேட்டால், தலைவரானாலும், தலைவர் இல்லாதபோது ஊராட்சியைப் பார்க்கும் தனி அலுவலரானாலும் பதில் சொல்லியாக வேண்டும். கிராம சபையில் வைக்கும் வரவு செலவுக் கணக்கான படிவம் 30-இல் பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு செலவு காட்டியிருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

கிராம சபையில் காரியம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், கூட்டம் கலைந்துவிடும். ஆகவே ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்கட்டும். இன்னொன்று, வருகைக் கையெழுத்தை வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதுவது. கலைவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் தர மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டா கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அது வருவாய்த் துறை.

உங்கள் ஊராட்சியில் மூவாயிரத்துக்குள்தான் மக்கள்தொகை. குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவரைக் கூட்டிவந்தாலே நிறைந்துவிடும்.

முதல் நாள் என்ன அளவு வந்தது என்று உடனே எழுது.

அன்புடன்,
ராமு