எது 4,500 ஆண்டு?

ஆசிரியருக்கு,

திராவிட மொழிகளின் வயது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். ‘தமிழின் வயது 4,500’ என்ற தலைப்பு சரியல்ல. மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தாரும் 2018-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, உயிரினங்களின் கிளைவழியைக் கணிக்கும் புள்ளியியல் முறையை 20 திராவிட மொழிகளின் சொற்களுக்குப் பொருத்திப் பார்த்தது. கிடைத்த சுமார் 4,500 ஆண்டு, தமிழ், தெலுங்கு, கோண்டி, பிராகூய் எல்லாம் சேர்ந்த குடும்பத்தின் வயது. அதுவும் முன்பின் பல நூற்றாண்டு நகரக்கூடிய மதிப்பீடு.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியர். தலைப்பைப் பார்த்த மாணவி, “அப்போ தெலுங்கு நமக்குத் தங்கையா, சார்?” என்று கேட்டாள். விளக்க ஒரு பாடவேளை போனது. இத்தகைய செய்திகளில் மதிப்பீட்டின் மேல், கீழ் எல்லைகளையும் சேர்த்தே அச்சிடுங்கள்.