மோட்டார் பெட்டியின் நீல விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். பொங்கலுக்கு வந்தபோது நீ மாட்டிவிட்டுப் போன பெட்டி நன்றாக வேலை செய்கிறது. தொட்டி நிரம்பியதும் ரிலே என்ற சுவிட்ச் டக்கென்று விழுந்து மோட்டார் நின்றுவிடுவதால், அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை. எதிர்வீட்டுச் சித்தப்பா விசாரித்தபோது, இஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகையை வைத்து ரஸ்ட் என்ற நிரல் மொழியில் என் மகனே எழுதியது என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன் என்று அம்மா சொல்கிறாள்.

பெங்களூரிலிருந்தபடியே நீ புதிய நிரலை ஏற்றும்போது அதில் நீல விளக்கு படபடவென்று மின்னும் என்று நீதான் காட்டினாய். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மின்னும். இந்த ஒரு மாதமாகச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கும், வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கும் மின்னுகிறது. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் பின்னிரவிலும் மின்னுகிறது. நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் தூங்கு.

ரஸ்ட் மொழியை உருவாக்கிய கிரேடன் ஹோரைப் பற்றி நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லிஃப்டின் மென்பொருள் பழுதாகி, 21-வது மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் படியேறிப் போக நேர்ந்த எரிச்சலில் 2006-இல் அவர் அதைத் தொடங்கினார் என்றும், அப்போது அவர் மொசில்லா என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே தன் சொந்த நேரத்தில்தான் அதை எழுதினார் என்றும் சொன்னாய். வேலை பார்த்துக்கொண்டே என்று நீ சொன்னது இப்போது அடிக்கடி மனத்தில் வந்து நிற்கிறது. அது முதல் முழுப் பதிப்பாக வெளிவர 2015 மே மாதம் ஆனதாம். கற்றுக்கொள்வதற்கு அவசரம் இல்லை, தம்பி. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

நீர்மட்டத்தை ஒலியால் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 உணரியை அடுத்துப் போடப்போவதாகச் சொல்லியிருந்தாய். அதன் எக்கோ முனை 5 வோல்ட் தரும். உன் பலகையின் கால்களோ 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. அதனால் வோல்ட்டைக் குறைக்க இரண்டு ரெசிஸ்டர் போடு. எக்கோவுக்கும் காலுக்கும் நடுவே பழுப்பு, கருப்பு, சிவப்புப் பட்டை போட்டது, அதாவது 1 கிலோ ஓம். காலிலிருந்து கிரவுண்டுக்குச் சிவப்பு, கருப்பு, சிவப்பு, 2 கிலோ ஓம். ரிலே பக்கம் 230 வோல்ட் இருக்கிறது, மெயினை அணைக்காமல் கை வைக்காதே. போன முறை அணைக்காமலே ஸ்குரூ முடுக்கினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படித்த பிள்ளை செய்கிற காரியமா அது?

ரஸ்டில் ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர்தான், கைமாற்றிவிட்டால் பழைய பெயரில் அதைத் தொட முடியாது, பார்ப்பதற்கு என்றால் பலருக்கு இரவல் தரலாம், மாற்றுவதற்கு என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான், மீறினால் நிரல் ஓடுவதற்கு முன்பே, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மறித்துவிடும் என்று பொங்கல் இரவில் விளக்கினாய். நம் டிவி ரிப்பேர் கடை சீரிஸ் லேம்ப் மாதிரி என்று நான் சொன்னதும் சிரித்தாய். பழுது பார்த்த செட்டை நேராகக் கரண்டில் மாட்டாமல் 100 வாட் குண்டு பல்பு வழியாக மாட்டினால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது பல்புதான் பிரகாசமாக எரியும், செட் தப்பித்துவிடும். அதைச் சொன்ன பிறகு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2008-இல், நீ பதினோராம் வகுப்பில் இருந்தபோது, கைக்காசு சேர்த்து டிடிஏ 2030 ஐ.சி. வாங்கி ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தாயே, அதைக் கெடுத்தது நான்தான். நீ பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், கேட்டுப் பார்க்கும் ஆசையில் சப்ளை வயர்களை நானே மாட்டினேன்; பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போயின. இருபது வருடம் சீரிஸ் லேம்ப் இல்லாமல் எதையும் சோதிக்காதவன், அன்று அதையும் போடவில்லை. ஐ.சி. வெடித்துப் பிளந்தது. சாயங்காலம் நீ வந்து கேட்டபோது, நீ வைத்த ஈயம் பக்கத்துக் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது, இந்த வேலை உன் கைக்கு வராது என்று சொன்னேன். பிக்சர் டியூப் டிவியோடு என் தொழிலும் முடியப்போகிறது, நீ கம்ப்யூட்டர் படித்தால் பிழைத்துக்கொள்வாய் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு, போன வருடம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கும் வரை நீ சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. உன் ஈயம் சுத்தமாக இருந்தது, தம்பி. அன்றே லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

சீரிஸ் லேம்ப் பலகையைத் துடைத்துப் புது ஹோல்டர் போட்டு வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்பட்டுமா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று சொல். வந்தால் உடனே திரும்ப வேண்டும் என்றில்லை; மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. பகலில் எந்த நேரமானாலும் போன் செய்.

அன்புடன்,
அப்பா