நிற்கிற லாரிக்கு ஒரு சார்ஜர்

வில்லிவாக்கம், சென்னை

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கேட்டு நிம்மதியானேன். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். பெரியவளுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி பஸ் ஆறு மணிக்கே வந்துவிடுவதால் இப்போது வீடு முழுக்க ஐந்து மணிக்கு எழுந்துகொள்கிறது.

லாரியிலேயே நிரந்தரமாகப் பொருத்தி வைக்கிற பேட்டரி சார்ஜர் எது நல்லது என்று போனில் கேட்டாய். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். அப்பா ஓட்டிய வண்டியை விற்க மாட்டேன் என்று நீ பிடிவாதமாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பந்தல் சாமானுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் மாதவரம் ஷெட்டில் நிற்கிற வண்டி. ஓடுகிற லாரியை விட நிற்கிற லாரியில்தான் பேட்டரி சீக்கிரம் சாகும்.

காரணம் இதுதான். எதையும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெயில் ஏற ஏற அது இன்னும் வேகமாகும். அதோடு உன் வண்டியில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அது 40 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் எடுக்கிற அளவு), மாதத்துக்கு 30 ஆம்பியர் அவர் போய்விடும். இறங்கிய பேட்டரி அப்படியே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திராணி வராது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மீட்டர் வைத்துப் பார். ஒரு பேட்டரிக்கு 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.4-க்குக் கீழே போனால் உடனே ஏற்ற வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம்.

டிரைவர் அண்ணன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுகிறார் என்றாய். அவர் அக்கறையாகத்தான் செய்கிறார், ஆனால் அது பேட்டரியை நிரப்பாது. கடைசிப் பகுதி சார்ஜ் ஏறுவதற்கு மணிக்கணக்காகும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சுற்றிப் பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுகிற கருவி, கொடுப்பதும் குறைவு. எஞ்சின் நன்றாகச் சூடாகாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம்தான் தங்கும். எடுத்தால் செங்குன்றம் தாண்டி ஒரு மணி நேரமாவது ஓட்டிவிட்டு வரச் சொல், இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம்.

இனி சார்ஜர். உன் வண்டி 24 வோல்ட். அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக இணைத்திருக்கிறது. ஒரே ஒரு 24 வோல்ட் சார்ஜர் போட்டால் வேலை முடிந்தது என்று கடையில் சொல்வார்கள். இரண்டு பேட்டரியும் ஒரே வயது, ஒரே நிலை என்றால் சரி. ஆனால் உன் வண்டியில் டேப் ரெக்கார்டருக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருக்கிறார்கள். நிறைய லாரிகளில் இப்படித்தான். அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், மற்றது நிறைவாகவே இருக்கும். 24 வோல்ட் சார்ஜருக்கு இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும். அதனால் நிறைந்ததற்கு அதிகமாகவும் இறங்கியதற்குக் குறைவாகவும் ஏற்றி இரண்டையும் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாக ஒரு 12 வோல்ட் சார்ஜர் போடு. படகுகளுக்கென்று செய்த இரட்டை வெளியீட்டுச் சார்ஜர்களும் உண்டு. அதை வாங்கினால் இரண்டு வெளியீடும் ஒன்றுக்கொன்று மின்தொடர்பு இல்லாமல் பிரிந்தவையா என்று கேட்டுக்கொள். உள்ளே நெகடிவ் பொதுவாக இருந்தால் வரிசை இணைப்பில் ஷார்ட் ஆகிவிடும்.

ஆம்பியரைப் பற்றி நீ ரொம்ப யோசிக்கிறாய். நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்க ஒரு ஆம்பியரே போதும். ஆனால் திருவிழா முடிந்து பாதி இறங்கி வந்து நிற்கும்போது அதையும் அதுவேதான் நிரப்ப வேண்டும். அதனால் பேட்டரிக்கு 5 ஆம்பியர் என்பது சரியான அளவு.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் வெப்பம். வெளிநாட்டுக் குறிப்புகளை எடுத்தால் பனிக்காலத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகாத கவலைதான் பக்கம் பக்கமாக இருக்கும். நமக்குக் கவலை கத்திரி வெயில். நிறைந்த பிறகு சார்ஜர் விடாமல் கொடுக்கிற வோல்டேஜ், 25 டிகிரியில் 13.5 வோல்ட் அளவில் இருக்கும். வெப்பம் கூடினால் இதைக் குறைக்க வேண்டும், ஒரு செல்லுக்கு டிகிரிக்கு 3 முதல் 4 மில்லி வோல்ட் வரை. ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல், 40 டிகிரி என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 0.3 வோல்ட் குறையணும், அதாவது 13.2. இதைத் தானாகச் செய்யாத சார்ஜரை மே மாதம் முழுக்க மாட்டி வைத்தால் தண்ணீர் வற்றி, தகடு அரித்துப்போகும். பேட்டரியைக் காப்பாற்ற வாங்கிய பொருளே அதைக் கொன்றுவிடும். அதனால் வெப்பநிலைக்கேற்ப வோல்டேஜ் மாறுமா என்பதுதான் கடையில் உன் முதல் கேள்வி. பழைய மாதிரி ட்ரிக்கிள் சார்ஜர், எப்போதும் ஒரே அளவாக ஏற்றிக்கொண்டே இருப்பது, வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி கரண்ட் கட் பற்றி. சில சார்ஜர்களில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் யாராவது பட்டனை அழுத்தினால்தான் மறுபடி வேலை செய்யும். ஷெட்டில் யார் இருக்கிறார்கள் அழுத்த? கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டிக் காட்டச் சொல். தானாக விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் மட்டும் காசு கொடு. அப்புறம் பெட்டியில் 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்கு, நம் 230-க்கு ஆகாது.

சுவீடனின் சிடெக் 5 ஆம்பியர் சார்ஜர் நல்ல பொருள், வெப்பநிலைத் திருத்தம் அதில் உண்டு. ஹாலந்தின் விக்ட்ரான் இன்னும் ஒரு படி மேல் என்பது என் கருத்து. பேட்டரி நிறைந்து வண்டி நின்றுகொண்டே இருந்தால் 13.2-க்கு இறங்கிவிடும், வாரம் ஒருமுறை கொஞ்சம் ஏற்றிச் சரிபார்க்கும். வோல்டேஜை போனிலேயே பார்க்கலாம். அதில் ஐபி 67 என்று போட்ட மாடலாகப் பார். ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற எண். ஐபி 65 தண்ணீர் பீய்ச்சினால் தாங்கும், 67 ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். சேஸிஸில் பொருத்துவதற்கு இதுதான் பாதுகாப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் தண்ணீர் நின்ற உயரம் உனக்கு நினைவிருக்கும். அதற்கு மேலே பொருத்து.

இடம் என்றதும் இன்னொன்று. பேட்டரிக்கு நேர் மேலே வைக்காதே, ஆசிட் ஆவி மேலே ஏறி அரித்துவிடும். சைலன்சர் பக்கமும் வேண்டாம். வெப்பத்தை அறிகிற சென்சார் பல மாடல்களில் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் பேட்டரிக்கு ரொம்பத் தூரமாகவும் போகக் கூடாது. பேட்டரி பெட்டிக்குப் பக்கவாட்டில், சேஸிஸின் உள்பக்கம், மட்கார்டின் சேறு அடிக்காத இடம்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பாசிடிவ் ஒயரில் டெர்மினலுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்கணும். வண்டியிலிருந்து பேட்டரியைத் துண்டிக்கிற கட் ஆஃப் ஸ்விட்சுக்கு முன்னாலேயே, நேராக பேட்டரி டெர்மினலில் சார்ஜர் ஒயரை மாட்டச் சொல். ஸ்விட்சுக்குப் பின்னால் மாட்டினால், ஸ்விட்சை அணைத்ததும் சார்ஜரும் துண்டாகிவிடும். அணைப்பது நல்லதுதான், ஜிபிஎஸ் தின்பது நின்றுவிடும்.

செல்வம், இதை மட்டும் இரண்டு தடவை படி. லாரி ரப்பர் டயரில் நிற்கிறது, தரையோடு எர்த் கிடையாது. 230 வோல்ட் ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் வண்டி முழுக்க கரண்ட். கீழே நின்று கைப்பிடியைத் தொடுகிறவர் கதி என்னாகும்? அதனால் மூன்று பின் பிளக், உருப்படியான எர்த், ஷெட் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்), இந்த மூன்றும் இல்லாமல் சார்ஜரை மாட்டவே கூடாது. பம்பர் பக்கம் மூடி போட்ட சாக்கெட் வை. பிளக் மாட்டியிருக்கும்போது வண்டிச் சாவியை அந்த மூடியிலேயே தொங்கவிடச் சொல். ஒயரோடு வண்டியை எடுத்துவிட்டார் என்ற பேச்சே வராது.

வண்டி எப்போதும் ஷெட்டிலேயே நிற்குமென்றால் சார்ஜர்களைச் சுவரில் மாட்டி, வண்டியில் 12 வோல்ட் ஒயரும் கனெக்டரும் மட்டும் விடுவதே மேல் என்பேன். ஆனால் பங்குனி மாதம் முழுக்கக் கோயில் பக்கத்து மைதானத்தில் நிற்கும், அங்கேயும் பிளக் உண்டு என்கிறாய். அப்படியானால் வண்டியில் பொருத்துவதுதான் சரி.

பேட்டரி மூடி திறக்கிற வகை என்றால் மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் பார். ஒயர், கனெக்டர், ஃப்யூஸ் ஹோல்டர் எல்லாம் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், சார்ஜர் வாங்கின பிறகு சேர்ந்தே போகலாம். அதற்குள் இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து, ஆம்பியர் அவரையும், பெட்டியிலிருந்து பம்பர் வரை ஒயர் நீளத்தையும் எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டரோடு வருகிறேன். டேப் ரெக்கார்டர் ஒயரை அன்றைக்கே கழற்றிவிட்டு, 24-ஐ 12 ஆக்குகிற கன்வர்ட்டர் ஒன்று போட்டுவிடலாம்டா.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி