தம்பிக்கு, பொன்மலையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மேலத்தெரு விவகாரம் ஒருவழியாக முடிந்தது, சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மாவுக்கு அடுத்த கண்ணிலும் ஆபரேஷன் ஆயிற்று. நீ வேளைக்குச் சாப்பிடு.

ஐந்து ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா ஏதோ சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை.

போன வருஷம் சிகாகோ மியூசியத்தில் காட்டினாயே ஒரு வெள்ளி ரயில், 'பயனியர் செஃபிர்', அதே நினைப்பாக இருக்கிறது. பழைய ஷெட் ஆட்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், என் மகன் கூட்டிப்போய்க் காட்டினான் என்று. மூன்றே பெட்டி. பக்கமெல்லாம் புடவைக் கொசுவம் மாதிரி வரி வரியாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிக நேரம் சூடு பட்டால் அந்த எஃகின் துருப்பிடிக்காத குணம் போய்விடும். அதனால் இதைக் கட்டிய பட் கம்பெனிக்காரர்கள் கண் இமைக்கும் நேரம் மட்டும் கரண்டைப் பாய்ச்சி, பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்திருக்கிறார்கள்.

நான் ஷெட்டில் கழற்றிப் பூட்டிய டபிள்யூ.டி.எம்-2 டீசல் ரயில் இன்ஜினுக்கு 2,600 குதிரைத்திறன். இதற்கு வெறும் 600. இதற்கு இன்ஜின் செய்த வின்டன் கம்பெனியின் டீசல் இன்ஜின் 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் பகலெல்லாம் ஓடும். ராத்திரியெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பார்கள். அப்படியும் பர்லிங்டன் ரயில்வேயின் தலைவர் ரால்ஃப் பட் அதை நம்பினார்.

1934 மே 26 விடிகாலை இந்த ரயில் டென்வரிலிருந்து சிகாகோவுக்குக் கிளம்பவேண்டும். முந்தின நாள் பார்த்தால் டிராக்ஷன் மோட்டார் பேரிங் ஒன்றில் விரிசல். வேறு பேரிங் வரவழைத்து, ராத்திரியோடு ராத்திரியாக மாட்டி, ஒரு மணி நேரம் போலத் தாமதமாகக் கிளம்பினார்கள். வழியில் கதவு இடுக்கில் ஒயர் நசுங்கி இன்ஜின் அணைந்துவிட்டது. வண்டி உருண்டுகொண்டே இருக்க, ஒருவர் அறுந்த முனைகளை வெறுங்கையால் சேர்த்துப் பிடித்தார். கை வெந்தது, இன்ஜின் கிளம்பியது. எங்கும் நிற்காமல் 1,015 மைல். 13 மணி 5 நிமிஷத்தில் சிகாகோ.

பேரிங்கில் விரிசல் வருவது யார் குற்றமும் இல்லை, தம்பி. கிளம்புவதற்கு முன்னால் கண்ணில் பட்டதால் மாற்ற முடிந்தது. நீயும் எதுவானாலும் சொல்லிவிட வேண்டும். நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கப்பலேறாமல் விமானம் ஏறினவன் நீ. மனசிலேயே பூட்டிவைக்க எங்கே கற்றுக்கொண்டாய்? வேளைக்குச் சாப்பிடு.

இல்லை. நீ சொல்லத்தான் வந்தாய். அந்த ரயில் பக்கத்தில் நின்றபோது, "அப்பா, ஒரு விஷயம்" என்றாய். "இரு, இந்த வெல்டைப் பாரு" என்று உன் கையைப் பிடித்துத் தகட்டில் வைத்தேன். உன் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவ்வளவு குளிரில். எனக்குப் புரிந்தது தம்பி. கேட்கப் பயந்துதான் கடைசிப் பெட்டி வரைக்கும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தேன். அப்புறம் நீ எதுவும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் பாதிக்கு மேல் அதையேதான் செய்திருக்கிறேன்.

இங்கே ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, கூப்பிடு. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அம்மாவை எழுப்பமாட்டேன். நீ பேசு, நான் கேட்கிறேன்.

அப்பா